காலுக்குக் கேட்ட ஓசை

இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, இயற்பியல் துறை

மனிதர்களைப் போலவே ஓசைகளுக்கும் குணம் உண்டு. குயிலின் ஓசை அழைக்கும். ஆலைச் சங்கு அதட்டும். கல்லூரி மணியோ, அடிக்கும் நேரத்தைப் பொறுத்துச் சில வேளை வதைக்கும், சில வேளை வாழ்விக்கும். இவை எதிலும் சேராத ஓசை ஒன்று உண்டு. பிரேக்கைப் பிடிக்கும்போது வண்டியிலிருந்து எழுகின்ற "கிறீ...ச்" என்னும் ஓசைதான் அது. கரும்பலகையில் நகம் பட்டது போலப் பல் கூசும். தெருவில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். வண்டிக்காரர் மட்டும் தமக்கும் அதற்கும் தொடர்பே இல்லாதவர் போல் நேரே பார்த்துக்கொண்டு போவார்.

அத்தகைய ஓசை ஒன்று சென்ற ஆண்டு இரண்டு மாத காலம் எங்கள் வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. அதை வெளியேற்றிய கதையை ஆண்டு மலருக்கு எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "கவிதைகள் மூட்டை மூட்டையாக வந்திருக்கின்றன. பிரேக்கைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. எழுதம்மா" என்றார் மலர்க்குழுவில் உள்ள எங்கள் பேராசிரியர். ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பள்ளிபாளையம். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. என் தந்தையார் 22 ஆண்டுகள் விசைத்தறி ஓட்டியவர். முழங்கால் ஒத்துழைக்க மறுத்த பிறகு தறியை விட்டுவிட்டு, துண்டு, லுங்கி மூட்டைகளை ஈரோட்டுச் சந்தைக்கு ஏற்றிச் செல்கின்றார். அதற்கு உதவுவது ஒரு பழைய நூறு சி.சி. மோட்டார் சைக்கிள். பின்னிருக்கையின் மேல் ஒரு மூட்டை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மூட்டைகள், முன்னால் பெட்ரோல் டாங்கின் மேல் ஒரு சிறு மூட்டை. நடுவில் எங்கேயோ அப்பா இருப்பார். உற்றுப் பார்த்தால் தெரியும்.

அந்த வண்டியின் பின் சக்கரத்துக்கு ஒரு பட்டறையில் புது பிரேக் ஷூ மாற்றினார்கள். பதினைந்து நாள் ஒழுங்காக ஓடிற்று. பதினாறாம் நாள் கத்தத் தொடங்கியது. மறுபடி கொண்டுபோனபோது சக்கரத்தைக் கழற்றி, ஷூவை உப்புத்தாளால் தேய்த்து, காற்றடித்து மாட்டிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் மௌனம். மூன்றாம் நாள் முன்னைவிடப் பெரிதாகக் கச்சேரி. மூன்றாம் முறை போனபோது, "டிரம்மு போயிருச்சுங்க. ஹப்போட மாத்தினாத்தான் நிக்கும்" என்று தீர்ப்பாகிவிட்டது. அதற்கு அவர்கள் சொன்ன தொகை அப்பாவின் பதினைந்து நாள் சம்பாத்தியம்.

இதில் விந்தை என்னவென்றால், அந்தச் சத்தம் அப்பாவுக்குக் கேட்கவே இல்லை. தெருமுனையில் வண்டி கிறீச்சிட்டதும் அம்மா அடுப்பில் தேநீர் வைத்துவிடுவார். எதிர்வீட்டு நாய் எழுந்து நிற்கும். அப்பாவோ வண்டியை நிறுத்திவிட்டு, "எல்லாரும் என்னமோ சத்தங்கறாங்க, எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்பார். பட்டறைக்குக்கூட அம்மா சொல்லித்தான் கொண்டுபோனார்.

காரணத்தை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. தறிக்கொட்டகைக்குள் ஒரு முறை நுழைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே ஒருவர் பேசுவது அடுத்தவருக்குக் கேட்காது. கைச்சைகையும் உதட்டசைவும்தான் மொழி. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் வேலை செய்வோருக்கு நம் நாட்டில் விதித்திருக்கும் ஒலி வரம்பு 90 டெசிபெல். தறிகள் ஒருசேர ஓடும் கொட்டகையில் அதற்கு மேலும் போவது வழக்கம். பேரிரைச்சல் காதைக் கெடுக்கும்போது எல்லா ஒலிகளையும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையுள்ள கூர்மையான ஒலிகள்தாம் முதலில் மறையும். 4000-ஐ ஒட்டிய பகுதியில் குறை மிக ஆழமாக இருக்கும். ஆண்குரல் கேட்கும், லாரியின் ஹாரன் கேட்கும். பறவையின் கீச்சொலி கேட்காது. என் கைப்பேசியில் வண்டியின் ஓசையைப் பதிவு செய்து அதிர்வெண்ணைப் பார்த்தேன். 3000-க்குச் சற்று மேலே ஊசி போல் ஒரு முகடு நின்றது. அப்பாவின் காதில் எந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்ததோ, சரியாக அந்த இடத்தில் வண்டி கத்திக்கொண்டிருந்தது.

வண்டி ஏன் கத்துகிறது என்பதை நம் பாடநூலின் உராய்வு இயல் ஒருவாறு விளக்கும். நிலையான இரு பரப்புகளுக்கு இடையேயுள்ள உராய்வு, நழுவும்போது உள்ள உராய்வைவிட மிகுதி. எனவே ஷூ டிரம்மைப் பற்றும். இழுவை மிகுந்ததும் நழுவும். நழுவியதும் மறுபடி பற்றும். வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை இவ்வாறு ஒட்டியும் நழுவியும் அதிர்ந்தால் அது ஒலியாகின்றது. வயலின் கம்பியின் மேல் வில் செய்வதும் இதே வேலைதான். நம்மைப் போல் ஓர் அரசுக் கல்லூரியில், சென்னை மாநிலக் கல்லூரியில், பயின்ற சர் சி. வி. இராமன், ஒளிச்சிதறலுக்காக 1930-ல் நோபல் பரிசு பெறுவதற்கு வெகுமுன்பே வில்லால் வாசிக்கும் கம்பிகளின் அதிர்வை ஆராய்ந்தவர். 1918-ல் அதைப் பற்றி விரிவாக எழுதி வெளியிட்டவர். வயலினில் அந்த அதிர்வுக்குக் காசு கொடுத்துச் சபாவில் உட்காருகிறோம். பிரேக்கில் அதே அதிர்வை நிறுத்தக் காசு கொடுக்கிறோம்.

ஆனால் பற்றுவதும் நழுவுவதும் எல்லா பிரேக்கிலும் நடப்பதுதான். எல்லாம் கத்துவதில்லையே! எங்கேயோ ஏதோ ஒன்று அந்த அதிர்வுக்கு இடம் கொடுத்தால்தான் அது பெருகிக் காதுக்கு எட்டும். இடம் கொடுத்தது எது என்பதே கேள்வி. ஹப்பை மாற்றுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எனக்குக் கொடுக்கும்படி அப்பாவிடம் கேட்டேன். ஓட்டுநர் உரிமம் என்னிடமும் இருக்கிறது. ஸ்பேனர் பெட்டி வீட்டிலேயே இருக்கிறது. "பொட்டப்புள்ள ஸ்பேனரத் தூக்கிட்டு ஒக்காந்துருக்குது பாரு" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி வேலியோரம் நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டார். மாலை வரை எழுந்திருக்கவில்லை.

முதலில் எந்தச் சக்கரம் என்று உறுதி செய்தேன். ஆளில்லாத சாலையில் மெதுவாகப் போய் முன் பிரேக்கை மட்டும் பிடித்தேன், அமைதி. பின் பிரேக்கை மட்டும் மிதித்தேன். நிற்கப்போகும் கடைசி ஐந்தாறு மீட்டரில் கிறீச்சென்றது. எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டே மிதித்தேன், அப்போதும் ஒலித்தது. ஆகவே சங்கிலிக்கும் எஞ்சினுக்கும் இதில் பங்கில்லை. பிரேக்கை விட்டவுடன் ஓசை நின்றதால் பேரிங்கும் விடுதலை பெற்றது. இரவுப் பனியில் டிரம்முக்குள் லேசாகத் துருப் பிடித்துக் காலையில் கத்தும் வண்டிகள் உண்டு. அவை நாலு முறை பிரேக் பிடித்ததும் அடங்கிவிடும். இது காலையிலும் கத்தியது, ஐந்து கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய பின்னும் கத்தியது. தம்பியையும் ஒரு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு பார்த்தேன். இன்னும் உரக்கக் கத்தியது.

பிறகு வண்டியைக் கையால் தள்ளிப் பார்த்தேன். முன்னோக்கித் தள்ளிக்கொண்டே பிரேக்கை மெல்ல அழுத்தினால் சிறிதாக ஒரு கீச்சொலி. பின்னோக்கி இழுத்துக்கொண்டு அழுத்தினால் வாயே திறக்கவில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. டிரம்முக்குள் இரண்டு ஷூக்கள் உண்டு. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது ஒரு ஷூவை டிரம்மே தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும், மற்றதைத் தள்ளிவிடும். பின்னோக்கிச் சுழன்றால் இவை இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ளும். ஆக, திசை மாறினால் ஓசை மறைகிறது என்றால் வெறும் தூசியோ அழுக்கோ காரணமாக இருக்க முடியாது. அழுக்குக்குத் திசை தெரியாது.

இவ்வளவும் முடிந்தபின் அப்பாவிடம் வந்தேன். அந்த வண்டியை நாள்தோறும் ஓட்டுகிறவர் அவர். பட்டறையில் அவரை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. காது கேட்காதவரிடம் சத்தத்தைப் பற்றி என்ன கேட்பது என்று நினைத்திருக்கலாம்.

"ஏனுங்கப்பா, சத்தத்த உடுங்க. பிரேக் மிதிக்கறப்போ உங்களுக்கு என்ன தெரியுது?"

"கால்ல தட்டுது கண்ணு."

"எப்படிங்க தட்டுது? சக்கரம் சுத்தச் சுத்தத் தட்டுதுங்களா?"

"இல்ல சாமி. மிதிச்ச ஒடனே ஒரே தட்டு. அப்பறம் ஒண்ணுமில்ல. காலை எடுத்துட்டு மறுக்கா மிதிச்சா மறுக்கா ஒண்ணு. பட்டறைலயும் சொன்னேன். அவங்க காதுல வாங்கல."

அப்பா தறி ஓட்டிய காலத்தில் ஓசையைக் கேட்டுக் கோளாறு கண்டுபிடிக்க வழியே இல்லை. ஓடுகின்ற தறியின் சட்டத்தில் உள்ளங்கையை வைத்து, எங்கே அடி தவறுகிறது என்று சொல்வாராம். அந்தக் கையின் அறிவு காலுக்கும் இறங்கியிருந்தது.

நண்பர்களே, அவர் சொன்ன அந்த ஒற்றைத் தட்டலைச் சற்று எண்ணிப் பாருங்கள். டிரம் வட்டம் கெட்டு நீள்வட்டமாகியிருந்தால் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் பெடல் காலை உதைக்கும், துடித்துக்கொண்டே இருக்கும். மிதிக்கு ஒரு தட்டு என்றால் அது டிரம் அன்று. எங்கேயோ ஒன்று தளர்ந்திருக்கிறது. பிரேக்கின் இழுப்பு வந்தவுடன் அந்தத் தளர்வு ஒரு முறை "டொக்"கென்று மறுபக்கம் போய் முட்டி நின்றுகொள்கிறது. பதினைந்து நாள் சம்பாத்தியத்தை அந்த ஒரு வாக்கியம் காப்பாற்றிவிட்டது.

வண்டியை மெயின் ஸ்டாண்டில் ஏற்றினேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் தம்பி பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்ள, நான் பின்சக்கரத்தை இரு கையாலும் முன்னும் பின்னும் ஆட்டினேன். டொக், டொக். சக்கரத்தை அம்மாவிடம் ஆட்டச் சொல்லிவிட்டு விரல்களை ஒவ்வொரு மூட்டாக வைத்துக்கொண்டே வந்தேன். ஆக்ஸில் அசையவில்லை. கேம் தண்டில் அசைவு இல்லை. டார்க் ராடின் பின்முனையில் விரலை வைத்தபோது அது துள்ளியது.

டார்க் ராடு என்பது பிரேக் தட்டையும் வண்டியின் சட்டத்தையும் இணைக்கின்ற ஒரு சாதாரண இரும்புக் கம்பி. பார்த்தால் அதற்கு ஒரு வேலையும் இல்லை போல் தோன்றும். ஷூக்கள் டிரம்மைப் பிடிக்கும்போது, டிரம் அந்த ஷூக்களையும் அவற்றைத் தாங்கும் தட்டையும் தன்னோடு சேர்த்துச் சுழற்றப் பார்க்கும். அதைச் சுழலவிடாமல் நிறுத்துவது இந்தக் கம்பி ஒன்றே. அதன் போல்ட்டில் நட்டு கழன்றுவிடாதபடி ஒரு காட்டர் பின்னைச் செருகிக் கால்களை மடக்கிவிட வேண்டும். எங்கள் வண்டியில் அந்தத் துளை காலியாக இருந்தது. ஷூ மாற்றியபோது கழற்றிய பின்னைத் திரும்பச் செருகவில்லை. நட்டு விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்து மரையின் கடைசிச் சுற்றுகளில் நின்றுகொண்டிருந்தது. தமிழ்த்துறை நண்பர்களுக்கு இங்கே அச்சாணி நினைவுக்கு வரும். வரட்டும்.

அந்த நட்டு விழுந்து போல்ட்டும் நழுவியிருந்தால், அடுத்த முறை பிரேக் மிதித்தபோது தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று, பிரேக் கம்பியை முறுக்கி, பின்சக்கரத்தையே பூட்டிவிட்டிருக்கலாம். அல்லது பிரேக்கே இல்லாமல் போயிருக்கலாம். நாலு மூட்டைச் சுமை, காவிரிப் பாலம், பின்னால் பேருந்து. வேலிக்கு அப்பாலிருந்த பாட்டிகூட ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. செவ்வாய்ச் சந்தைக்கு அன்று மாலையே சரக்குப் போய்ச் சேர வேண்டும். "நட்டை முறுக்கிட்டு ஒரு நடை போய்ட்டு வந்துடறேன், அப்பறம் பாத்துக்கலாம்" என்று அப்பா மெல்ல ஆரம்பித்தார். அம்மா பதில் சொல்லவில்லை. வண்டிச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். திங்களன்று காலையில் உதிரிபாகக் கடை திறந்ததும் போல்ட், நட்டு, வாஷர், காட்டர் பின் எல்லாம் வாங்கினேன். பின்னின் விலை ஒரு தேநீரின் விலைகூட இல்லை. அன்று முதல் பிரிவேளைக்கு நான் வராததன் காரணத்தை வருகைப்பதிவு எடுத்த ஆசிரியர் இதைப் படித்துத் தெரிந்துகொள்வாராக.

ஆய்வுக்கூடத்தில் நமக்குச் சொல்லித்தரும் ஒழுங்கு ஒன்று உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். எனவே போல்ட்டை மட்டும் மாற்றிப் பின் செருகி ஓட்டிப் பார்த்தேன். தட்டல் அறவே போயிற்று. கீச்சொலி பாதிக்கு மேல் குறைந்தது, ஆனால் போகவில்லை. தளர்ந்த தட்டு அதிர்வுக்கு இடம் கொடுத்தது உண்மை. அதிர்வைத் தொடங்கி வைப்பது இன்னும் உள்ளே இருந்தது. அன்று மாலை சந்தைக்குப் போய்வர அது தடையில்லை. அம்மா முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தார்.

புதன்கிழமை மாலை சக்கரத்தைக் கழற்றினேன். டிரம்முக்குள் இருக்கும் கரிய பொடியை வாயால் ஊதுவதும் காற்றடிப்பதும் பட்டறைகளில் வழக்கம். அதைச் செய்யாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். இதற்கு ஒரு பழங்கதை உண்டு. இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் என்பவர் 1902-ல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். செம்புப் பட்டை வைத்த அந்த பிரேக் பிடித்தால் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு அலறியது. ஹெர்பர்ட் ஃபுரூட் என்னும் மற்றோர் ஆங்கிலேயர் செம்புக்குப் பதிலாகக் கல்நார் கலந்த பட்டையைக் கொண்டுவந்து அந்த அலறலை அடக்கினார். பல்லாண்டு காலம் உலகத்து வண்டிகளெல்லாம் கல்நாரின் தயவில் ஓசையின்றி நின்றன. அதன் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது பின்னர் தெரிந்தது. இப்போது கல்நார் இல்லாத லைனிங் கிடைக்கின்றது. இருந்தாலும் பழைய வண்டியின் டிரம்முக்குள் கிடப்பது எந்தக் காலத்துப் பொடி என்று யாருக்குத் தெரியும்? அம்மா தம்பியைத் தூர விரட்டிவிட்டார்.

டிரம்மின் உட்பரப்பில் வகுப்பறைச் சுண்ணக்கட்டியை மெல்லியதாகத் தேய்த்தேன். சக்கரத்தைத் திரும்ப மாட்டி, பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டு கையால் நாலு சுற்றுச் சுற்றி, மறுபடி கழற்றிப் பார்த்தேன். லைனிங் முழுவதும் வெண்மை படிந்திருக்க வேண்டும். படிந்திருந்ததோ, இழுபடும் ஷூவின் முன்விளிம்பில் இரண்டு விரல் அகலம் மட்டுமே. அந்த இடம் கண்ணாடி போல் மின்னியது. புது ஷூவின் கூரான விளிம்பு டிரம்மைக் கொத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பட்டறையில் மேலெல்லாம் உப்புத்தாள் போட்டார்களே தவிர, விளிம்பை விட்டுவிட்டார்கள். இரண்டு நாள் மௌனத்தின் இரகசியம் இதுதான். விளிம்புகளை அரத்தால் சில மில்லிமீட்டர் சரிவாக ராவினேன். மின்னிய இடத்தை உப்புத்தாளால் குறுக்கு வாட்டில் தேய்த்து மங்கச் செய்தேன். கேமிலும் ஷூக்கள் திரும்பும் ஆணியிலும் துருவைச் சுரண்டி, கடுகளவு கிரீஸ் வைத்தேன். கடுகளவுக்கு மேல் வைத்தால் சூட்டில் உருகி லைனிங்கில் ஏறும். பிறகு ஓசையும் இராது, பிரேக்கும் இராது. ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது தம்பியைக் கூப்பிட்டு பிரேக்கை நன்றாக மிதித்துப் பிடிக்கச் சொன்னேன். அப்படி இறுக்கினால்தான் தட்டு டிரம்மின் நடுவில் வந்து அமரும். கடைசியாகப் பெடலின் வெற்றசைவை 20 முதல் 30 மில்லிமீட்டருக்குள் இருக்குமாறு சரிசெய்து முடிக்கையில் விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.

அப்பா தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். எதிர்வீட்டு நாய் எழுந்திருக்கவில்லை. அம்மா தேநீர் வைக்கவில்லை. வண்டி வந்ததே அவருக்குத் தெரியவில்லை.

"சத்தம் போச்சா கண்ணு?" என்று என்னைக் கேட்டார் அப்பா.

"போச்சுங்கப்பா. உங்களுக்குத் தட்டல் போச்சுங்களா?"

"அது திங்கக்கெழமையே போச்சே" என்றார்.

அந்தப் பட்டறைக்கு அவர் சண்டைக்குப் போகவில்லை. தேய்ந்த பழைய போல்ட்டை மட்டும் கொண்டுபோய் அவர்கள் மேசையின் மேல் வைத்துவிட்டு, "அடுத்த வண்டிக்கு இந்தப் பின்னை மறந்தராதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். இப்போதும் மழை பெய்த மறுநாள் காலையில் இரண்டு மிதிகளுக்கு மட்டும் மெல்லிய கீச்சொலி வரும். அது துரு, தானே போய்விடும். மாதம் ஒரு முறை காட்டர் பின்னைத் தொட்டுப் பார்ப்பது தம்பியின் பொறுப்பு.

இனி எஞ்சியிருப்பது அப்பாவின் காது. கைப்பேசியில் ஒவ்வோர் அதிர்வெண்ணாக ஒலிக்கவிட்டு அவரைச் சோதித்தேன். 1000-க்குக் கையைத் தூக்கினார், 2000-க்குச் சற்று யோசித்துத் தூக்கினார். 3000-க்கும் 4000-க்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "போட்டுட்டியா?" என்றார். கைப்பேசிச் சோதனையை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. இரைச்சலால் கெட்ட காது பழையபடி திரும்புவது அரிது என்று படித்திருக்கிறேன். ஆனால் எந்த அளவு கெட்டிருக்கிறது என்பதை முறையாக அளக்கலாம். காதுக்கருவி உதவுமா என்றும் கேட்கலாம். ஒரு வாரம் மறுத்துவிட்டு இப்போது சம்மதித்திருக்கிறார். வரும் புதன்கிழமை, சந்தை முடிந்த மறுநாள், அரசு மருத்துவமனைக்குப் போகிறோம். அந்த வண்டியில்தான்.